வாசகர் கேள்வி–பதில்: வீட்டுப் பட்டறைக்கு ரூட்டர் மேசை

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின், வீட்டின் பின்கட்டில் பத்துக்குப் பன்னிரண்டடி அறையைப் பட்டறையாக்கியிருக்கிறேன். அரை அங்குலத் தண்டுள்ள பிட் மாட்டும் ரூட்டர் (பிட் எனும் வெட்டுமுனையை வேகமாகச் சுழற்றி, மரத்தில் காடி எனும் பள்ளமும் ஓர வடிவமும் எடுக்கும் கருவி) ஒன்று கைவசம் உள்ளது. சமையலறை அலமாரிகளுக்குச் சட்டமும் நடுப்பலகையுமாகக் கதவுகள் செய்ய விரும்புகிறேன். அதற்கு ரூட்டரைத் தலைகீழாக மாட்டும் மேசை வேண்டும் என்கிறார்கள். கடையில் விற்பவை மிகச் சிறியனவாகவோ, கட்டுப்படியாகாத விலையிலோ உள்ளன. நானே செய்வதானால் அளவு, பலகை, தகடு ஆகியவற்றை எப்படித் தீர்மானிப்பது? – வாசகர், ஈரோடு

பதில்: பலகை வாங்கப் புறப்படும் முன், உங்கள் ரூட்டரில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உண்டா என்று பாருங்கள். நடுப்பலகையின் ஓரத்தைச் சரிவாக எடுக்கும் பிட்டின் விட்டம் 80 முதல் 90 மி.மீ. வரை இருக்கும். நிமிடத்துக்கு 22,000 சுற்றில் ஓடும்போது 12 மி.மீ. பிட்டின் விளிம்பு மணிக்கு சுமார் 50 கி.மீ. வேகத்தில் செல்கிறது, அதே சுற்றில் 85 மி.மீ. பிட்டின் விளிம்பு ஏறக்குறைய 350 கி.மீ. வேகத்தை எட்டிவிடும். இவ்வளவு பெரிய பிட்டை 12,000 சுற்றுக்கு மேல் ஓட்டக் கூடாது. பிட்டில் அதைவிடக் குறைந்த உச்ச வேகம் பொறித்திருந்தால் அதற்கே கட்டுப்பட வேண்டும். வேகம் மாறாத ரூட்டராக இருந்தால், பலகையை நிமிர்த்தி வைத்து ஓட்டுவதற்கான, விட்டம் குறைந்த செங்குத்துப் பிட்டை வாங்குங்கள். அப்போது ஃபென்ஸ் எனப்படும் தடுப்புச் சட்டம் 150 மி.மீ.க்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால், மேசையின் வடிவமே இந்த ஒரு விவரத்தால் மாறுகிறது.

மேற்பரப்புக்கு 800-க்கு 600 மி.மீ. போதும். தரையிலிருந்து 850 முதல் 900 மி.மீ. உயரம் பெரும்பாலோருக்கு ஒத்துவரும். ஆனால் உங்கள் வேலைமேசையின் உயரத்துக்கே இதையும் செய்துவிட்டால், நீண்ட சட்டத்தை ஓட்டும்போது அதன் மறுமுனையை வேலைமேசை தாங்கிக்கொள்ளும். சிறிய அறையில் தனியாக வேலை செய்பவருக்கு இது பெரிய உதவி.

பணத்தையும் பொறுமையையும் செலவழிக்க வேண்டிய இடம் மேற்பலகையின் மட்டம்தான். இழுப்பறைகள், பிட் அடுக்கும் தட்டு, கைப்பிடி சுழற்றி ரூட்டரை உயர்த்தும் லிஃப்ட் ஆகியவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். வளைந்த பலகையைப் பிறகு நிமிர்த்த முடியாது. 18 மி.மீ. எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, இருபுறமும் ஒரே கனமுள்ள மைக்காவை ஒட்டுங்கள். மேலே மட்டும் மைக்கா ஒட்டி அடிப்புறத்தை வெறுமனே விடுவது பலரும் செய்யும் சிக்கனம். மூடாத பக்கம் மட்டும் காற்றின் ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாக இருக்க, ஐப்பசி மழையில் மட்டமாக இருந்த பலகை சித்திரையில் வளைந்து நிற்கும். வெட்டிய ஓரங்களையும் வார்னிஷ் பூசி மூடிவிடுங்கள். ஒட்டும்போது கிரானைட் போன்ற மட்டமான தளத்தில் வைத்து எடை ஏற்றுவதும், பிறகு அடியில் இரண்டு தேக்குச் சட்டங்களை நிமிர்ந்த வாக்கில் திருகி முட்டுக்கொடுப்பதும் அவசியம். இரும்பு நேர்க்கோலை நெடுக்கிலும் மூலைவிட்டத்திலும் நிறுத்தி, பின்னாலிருந்து கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். ஒளி கசியும் இடத்தில் பள்ளம் இருக்கிறது. பள்ளத்தின் மேல் செல்லும் சட்டத்தில் காடியின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும்.

இத்தனை கனமான பலகையில் ரூட்டரை நேரே மாட்டினால் பிட்டின் பாதி நீளம் பலகைக்குள்ளேயே மறைந்துவிடும் என்பதால்தான் தகடு தேவைப்படுகிறது. 8 அல்லது 10 மி.மீ. அலுமினியம் நல்லது, மின்பலகை செய்பவர்கள் ஹைலம் என்று கேட்டு வாங்கும் பேக்லைட் ஷீட்டும் போதும். அக்ரிலிக் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஐந்தாறு கிலோ எடையை மாதக்கணக்கில் தாங்கித் தாங்கி நடுவில் தொய்ந்துவிடும். தகட்டை ஏறக்குறைய 298-க்கு 235 மி.மீ. அளவில் வெட்டச் சொல்லுங்கள். ஆயத்தத் தகடுகளிலும் லிஃப்டுகளிலும் பல இந்த அளவில்தான் வருகின்றன. பின்னாளில் ஒன்றை வாங்கினால் அதே துளையில் உட்காரும்.

துளையை வெட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. தகட்டை அதன் இடத்தில் வைத்து, நான்கு பக்கமும் ஒட்டினாற்போல் மெல்லிய பலகைத் துண்டுகளை இருபுற ஒட்டுநாடாவால் பதியுங்கள். தகட்டை எடுத்துவிட்டு, மேல்பகுதியில் பேரிங் உள்ள நேர்பிட்டை அத்துண்டுகளின் உள்விளிம்பைத் தொட்டபடி ஓட்டினால் தகட்டின் அளவுக்கே காடி விழும். காடியின் ஆழம் தகட்டின் கனத்தைவிட ஒரு மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். பிறகு சுற்றிலும் 10 மி.மீ. விளிம்பு விட்டு, நடுப்பகுதியை ஜிக்சாவால் அறுத்தெடுங்கள். விளிம்பின் மூலைகளில் பதிக்கும் திருகுகளைத் திருப்பித் திருப்பித் தகட்டை மேற்பரப்போடு சமமாக்க வேண்டும். விரல் நகத்தை இருபுறமும் இழுத்துப் பார்த்தால் எங்கும் தட்டக் கூடாது. நகம் தட்டும் இடத்தில் மரமும் தட்டி நிற்கும்.

ஃபென்ஸைப் பொறுத்தவரை, பிட் வட்டமானது என்பதை மறக்காமலிருந்தால் பாதிக் கவலை தீரும். மரம் அறுக்கும் வட்டவாள் மேசையில்தான் ஃபென்ஸ் வாளுக்கு இணையாக நிற்க வேண்டும். இங்கே பிட்டிலிருந்து அதன் தூரம் மட்டுமே கணக்கு. ஆகவே ஒரு முனையைப் போல்ட்டால் அச்சாக்கி, மறுமுனையை சி-கிளாம்பால் இறுக்கினால் போதும். பிட் நடுவில் இருப்பதால், இறுக்கும் முனையை 1 மி.மீ. நகர்த்தினால் பிட்டின் அருகே அரை மி.மீ. மட்டுமே நகரும்; நுண்ணிய சரிசெய்தல் செலவின்றிக் கிடைக்கிறது. முகப்பு மட்டும் மேசைக்கு மூலைமட்டம் பிசகாமல் 90 பாகையில் நிற்க வேண்டும்.

கேள்வி: மரத்தைக் கோணம் பிசகாமல் தள்ள உதவும் கோணச் சட்டம் ஓடுவதற்கு மேசையின் மேல் அலுமினியத் தடம் பதிப்பது அவசியமா? – வாசகி, மதுரை

பதில்: அவசியமில்லை. தடம் இருந்தால் ஃபென்ஸை ஒவ்வொரு முறையும் அதற்கு இணையாக வைக்க வேண்டியிருக்கும். மேலே சொன்ன வசதி போய்விடும். சட்டத்தின் முனையை ஓட்டுவதற்கு, நான்கு மூலையும் சரியாக உள்ள ஒரு பலகைத் துண்டை ஃபென்ஸோடு சேர்த்துப் பின்னாலிருந்து தள்ளினால் கோணமும் காக்கப்படும், முனையில் மரம் சிதறுவதும் குறையும்.

கேள்வி: சிறு துண்டு ஒன்றை ஓட்டியபோது பிட் அதைப் பறித்து எறிந்துவிட்டது. என்ன காரணமாக இருக்கும்? – வாசகர், நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் ஓட்டும் திசையாகவோ, துண்டு சென்ற வழியாகவோ இருக்கும். மேசையின் முன் நின்று பார்க்கும்போது பிட் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ளினால் பிட் அதை எதிர்க்கும், கூடவே ஃபென்ஸோடு அழுத்தியும் வைக்கும். திசை மாறினால் பிட்டே மரத்தை இழுத்துக்கொண்டு ஓடும். ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் இடையில் மரத்தை நுழைப்பதும் அதே விளைவைத் தரும். அந்த இடைவெளியில் ஒருபோதும் மரம் செல்லக் கூடாது. வளைந்த துண்டை ஃபென்ஸ் இல்லாமல் ஓட்டும்போது பேரிங் உள்ள பிட்டை மட்டும் பயன்படுத்தி, பிட்டின் வலப்புறம் தகட்டில் ஒரு முளை பொருத்தி, மரத்தை முதலில் அதில் சாய்த்துப் பிறகே பிட்டைத் தொடவிடுங்கள். சிறு துண்டுக்குப் பாதுகாப்பான வழி ஒன்றுதான்: பெரிய பலகையின் ஓரத்தில் வேலையை முடித்துவிட்டு, அதன்பின் துண்டாக அறுப்பது.

கேள்வி: மின் இணைப்பிலும் தூசியிலும் கவனிக்க வேண்டியவை என்ன? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: 1,650 வாட் ரூட்டர் 230 வோல்ட்டில் ஏழு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே வீட்டின் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் சொருகக் கூடாது. நில இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக் வேண்டும்.

தலைகீழாக நிற்கும் ரூட்டர் தன் தூளைத் தானே விழுங்குகிறது. ஃபென்ஸின் பின்னால், பிட்டுக்கு நேரே, ஒரு சிறு பெட்டி அமைத்து வேக்குவம் குழாயைப் பொருத்துங்கள். மோட்டாரின் காற்றுத் துளைகளை அவ்வப்போது ஊதித் துடையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பிரிவில் 1995-ஆம் ஆண்டிலேயே மரத்தூளைச் சேர்த்துவிட்டதால், வேக்குவம் இருந்தாலும் முகக்கவசம் வேண்டும்.

ரூட்டரின் சொந்த சுவிட்ச் மேசைக்கு அடியில் மறைந்துவிடும். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடத் தொடங்காத வகைச் சுவிட்ச் ஒன்றை, இரு கைகளும் மரத்தைப் பிடித்திருக்கும்போதும் முழங்காலால் தட்டி அணைக்கக்கூடிய உயரத்தில், மேசையின் முன்பக்கக் காலில் பொருத்திவிடுங்கள்.