ஜன்னலில் ஒரு சிறு கை

கேள்வி: எமிலி பிராண்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவல் ஒரே இருட்டு, கதையும் நகர மறுக்கிறது. வெளிவந்தபோது எப்படித்தான் வரவேற்றார்கள்?

பதில்: அவர்களும் திணறினார்கள். 1847 டிசம்பரில் 'எல்லிஸ் பெல்' என்ற புனைபெயரில் வந்தது. அதன் வலிமையை மெச்சிய விமர்சகர்களே கொடூரத்தைக் கண்டு முகம் சுளித்தார்கள். மறு ஆண்டு டிசம்பரில் எமிலி இறந்தபோது வயது 30. அவருடைய எழுதுபெட்டிக்குள் ஐந்து விமர்சனங்களின் நறுக்குகள் இருந்தன. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

அவசரப்படாத நடையால்தான் கதை நடக்கும் அந்த வீட்டின் குளிர் நம்மீது ஏறுகிறது. மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் இரவில் மறுபடி படியுங்கள். கனவில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் கை நீட்டுகிறான், அந்த வீட்டில் இரவு தங்க நேர்ந்த லாக்வுட். பனிக்கட்டியாய்ச் சில்லிட்ட சிறு கையொன்று அவன் கையைப் பற்றிக்கொள்கிறது. உதறினாலும் விடுவதில்லை.