வாசகர் கேள்வி–பதில்: காட்டு உரிமையும் பழங்குடிப் பிள்ளைகளும்

கேள்வி: மலைப்பகுதியில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளியொன்றில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் சோளகர் என்ற பழங்குடியின் குழந்தைகள். தேன் எடுக்கும் பருவத்திலும் தெய்வத்துக்குச் செய்யும் நாட்களிலும் ஊருக்குப் போனால் பத்து நாள் கழித்தே திரும்புகிறார்கள். கேட்டால், “காட்டு நிலத்துக்கு மனுக் கொடுத்திருக்கிறோம், பிள்ளைகளும் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்” என்கிறார்கள் பெற்றோர். நில உரிமைக்கும் பிள்ளைகளுக்கும் என்ன தொடர்பு?
– ஓர் ஆசிரியை, ஈரோடு மாவட்டம்

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு. காட்டில் தலைமுறைகளாக வாழ்வோரின் உரிமையை ஏற்கும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி மனுச் செய்பவர் குறைந்தது இரண்டு சான்றுகளை இணைக்க வேண்டும். அவற்றில் ஒன்று அரசு ஆவணமாக இருக்கலாம். இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. இடுகாடு, தெய்வ மரம், பழைய கிணறு, கிழங்கு தோண்டும் இடம், மேய்ச்சல் தரை, குடும்பத்தின் வம்சாவளி, மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதிக்கொள்ளப்பட்ட வாக்குமூலம் ஆகிய அனைத்தையும் அச்சட்டத்தின் 13-ஆம் விதி சான்றாக ஏற்கிறது. பத்திரம் என்ற ஒன்றையே அறியாமல் பல தலைமுறைகளாகக் காட்டில் வாழ்ந்தவர்களுக்கு இந்த விதியே பற்றுக்கோடு.

அந்த இடங்கள் ஒவ்வொன்றுக்கும் சோளகர் மொழியில் பெயர் உண்டு. பாட்டியோடு காட்டில் நடக்கும் பிள்ளைக்கே அந்தப் பெயர்கள் வாய்க்கின்றன. ஆறு வயதில் விடுதிக்கு வந்து, கோடை விடுமுறையில் மட்டும் வீடு பார்க்கும் பிள்ளை, முன்னோரின் கல் எந்தப் பாறையடியில் நிற்கிறது என்பதை எப்போது கற்றுக்கொள்ளும்? இன்று வாக்குமூலம் தரும் பெரியவர் மறைந்தபின் அவர் இடத்தில் நின்று பேச வேண்டியவர்கள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டம் தரும் உரிமையை விற்க முடியாது, ஆனால் வாரிசுகளுக்கு அது சேரும். காட்டையும் தங்கள் பண்பாட்டு மரபையும் காக்கும் அதிகாரத்தையும் 5-ஆம் பிரிவு கிராம சபைக்கு அளித்திருக்கிறது. காட்டை அறியாமல் வளர்ந்தவர் அந்த அதிகாரத்தை எப்படிச் செலுத்துவார் என்ற கவலையே அந்தப் பெற்றோர் பேச்சில் எனக்குக் கேட்கிறது.

மாநில எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலும் சோளகர்கள் வாழ்கிறார்கள். அங்கே ஒவ்வொரு குலத்துக்கும் காட்டில் ஓர் எல்லை உண்டு. அதற்குள் தெய்வத்துக்கு ஓரிடம், முன்னோர் கல்லுக்கு ஓரிடம், நீரூற்றுக்கு ஓரிடம் என்று வகுத்திருக்கிறார்கள். பெரியவர்கள் முன்னே நடந்து காட்ட, அவ்விடங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டன. 2011-இல் அந்த மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது வெளியேற்றப்படுவோமோ என்ற அச்சம் பரவியது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் 25 கிராம சபைகளின் சமூக உரிமைகள், அதாவது ஊர் முழுவதற்கும் பொதுவான காட்டு உரிமைகள், அங்கே ஏற்கப்பட்டன.

ஆகவே அந்தப் பத்து நாட்களை வெறும் விடுப்பாகப் பதிவு செய்து கண்டிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளி நாட்காட்டியை முடிவு செய்யும் பொறுப்பைக் கல்வி உரிமைச் சட்டம் உள்ளாட்சி அமைப்புக்கே தந்திருக்கிறது. தேன் பருவத்துக்கு ஏற்ப விடுமுறையை மாற்றக் கோரி நீங்களும் பெற்றோரும் சேர்ந்து மனுக் கொடுக்கலாம். திரும்பி வந்த பிள்ளைகள் தாங்கள் போய்வந்த இடங்களின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, படமும் வரையட்டும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பு காட்டுக்குள் இருப்பதால் பள்ளிக்கூடம் கட்ட முடியாது என்கிறார்கள். விடுதியைத் தவிர வேறு வழி இல்லையா?
– ஒரு தாய், தாளவாடி

பதில்: இருக்கிறது. வன உரிமைச் சட்டத்தின் 3(2)-ஆம் பிரிவு பள்ளி, அங்கன்வாடி, மருந்தகம், குடிநீர் உள்ளிட்ட 13 வசதிகளுக்குக் காட்டு நிலத்தைத் தர அனுமதிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். எனவே கிராம சபையைக் கூட்டித் தீர்மானம் எழுதுவதே உங்கள் முதல் வேலை.

கேள்வி: என் தாத்தாவின் மனு “ஆவணம் இல்லை” என்று தள்ளப்பட்டதாக யாரோ வாய்வழியாகச் சொன்னார்கள். அவர் இப்போது எழுந்து நடக்க முடியாத நிலையில் இருக்கிறார். நான் கல்லூரியில் படிக்கிறேன். என்ன செய்யலாம்?
– ஒரு மாணவர், நீலகிரி மாவட்டம்

பதில்: 2012-இல் திருத்தப்பட்ட வன உரிமைச் சட்ட விதிகளின்படி, நிராகரிப்பை மனுதாரரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு அன்றிலிருந்து 60 நாள் அவகாசம் உண்டு, மேலும் 30 நாள் நீட்டிக்கவும் இடம் உண்டு. யாரோ சொன்னது அந்த அறிவிப்பாகாது. எனவே முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். மனு தள்ளப்பட்டவர்களை வெளியேற்றுமாறு 2019 பிப்ரவரி 13 அன்று பிறப்பித்த உத்தரவை உச்ச நீதிமன்றமே அம்மாதம் 28-இல் நிறுத்தி வைத்தது என்பதையும் தாத்தாவிடம் சொல்லுங்கள். அவருடைய அச்சம் சற்றுத் தணியும். பிறகு அவர் அருகில் உட்கார்ந்து, எந்த மரத்தடியில் பூசை நடந்தது, யார் யார் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதை அவர் மொழியிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடங்களை அறிந்த வேறொரு பெரியவரிடம் வாக்குமூலமும் பெற்று, இரண்டையும் மேல்முறையீட்டுடன் இணையுங்கள்.