நச்சுக்கொடி தழும்பில் ஒட்டியிருந்தால்...

கேள்வி: டாக்டர், எனக்கு 33 வயது. முதல் இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். இப்போது 28 வாரம். ஸ்கேனில் 'உரி' (நச்சுக்கொடி, அதாவது பிளசென்டா) கீழே, பழைய தழும்பு மேலேயே இருக்கிறது, உள்ளே ஒட்டியிருக்கலாம் என்று சொல்லி, பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "ரெண்டும் இங்க பக்கத்துலதானே பொறந்துச்சு, கைராசியான டாக்டர்" என்கிறார் மாமியார். போயே ஆகணுமா? கருப்பையை எடுத்துவிடுவார்களா?
– வாசகி, நிபோங் திபால்

பதில்: போயே ஆகணும் தங்கச்சி. கைராசியை நான் குறை சொல்லவில்லை, என் கவலையெல்லாம் ரத்தம்தான். பிள்ளை பிறந்ததும் நச்சுக்கொடி தானாகக் கழன்று வரவேண்டும். தழும்புக்குள் வேர்விட்டிருந்தால் கழலாது, பிய்த்தால் கொட்டும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது என்றால், பத்து நிமிடத்துக்கு எவ்வளவு என்று மாமியாரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். சின்ன மருத்துவமனையின் கையிருப்பு அதற்குக் காணாது.

பயமுறுத்த இல்லை, ஆனாலும் சொல்கிறேன்: 2006ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், நச்சுக்கொடி கீழே இருந்து மூன்றாவது சிசேரியனுக்கு வந்தவர்களில் 100க்கு 40 பேருக்கு இப்படி ஒட்டியிருந்தது.

ஒட்டியிருப்பது உறுதியானால், வலி வரும்வரை காத்திருக்காமல் பொதுவாக 34, 35 வாரத்திலேயே நாள் குறிப்பார்கள். பிள்ளையை எடுத்துவிட்டு, நச்சுக்கொடியைத் தொடாமல் கருப்பையோடு சேர்த்து எடுப்பதுதான் வழக்கம். மாதவிடாய் நின்றுவிடும், ஆனால் சினைப்பையை விட்டுவைப்பதால் ஹார்மோன் அதுபாட்டுக்குச் சுரக்கும். சிலருக்கு ஒட்டிய பகுதியை மட்டும் வெட்டித் தைக்க முடியும். நச்சுக்கொடியை உள்ளேயே விட்டு வாரக்கணக்கில் கண்காணிப்பதும் உண்டு, ஆனால் திடீரென்று ரத்தம் போகலாம், கிருமி தொற்றலாம். தூரத்தில் இருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

முன்பே தெரியாமல், சின்ன மருத்துவமனையில் வயிற்றைத் திறந்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள் என்று வையுங்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்து ரத்தமும் போகவில்லையென்றால், நல்ல டாக்டர் எதையும் தொடாமல் மூடி பெரிய இடத்துக்கு அனுப்புவார். உங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது, அதுவே பெரிய விஷயம்.

வலியே இல்லாமல் ரத்தம் பட்டாலும் உடனே கிளம்புங்கள், ஐந்து மணிக்குப் பாலத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் 32 வாரத்துக்கு மேல் தீவில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே தங்குவது உத்தமம். தாம்பத்தியம் வேண்டாம், வயிற்றில் உருட்டு (உருவிவிடும் மசாஜ்) வேண்டவே வேண்டாம். அப்புறம், இரும்புச்சத்து மாத்திரையைத் தே தாரிக்கோடு (பால் தேநீர்) விழுங்காதீர்கள், உடம்பில் சேராது.