லோமே துறைமுகத்தில் வேலை: ஒரு தம்பிக்குப் பதில்

தம்பி, மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவின் தலைநகர் லோமேயில் சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் வேலை கிடைத்திருப்பதாகவும், அவ்வளவு சிறிய நாட்டில் வேலை நிலைக்குமா, ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தூத்துக்குடியிலிருந்து வந்து பதினோரு ஆண்டுகளாக இங்கே முந்திரிக்கொட்டை ஏற்றுமதியில் இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாட்டின் அளவை வைத்து இத்துறைமுகத்தை எடைபோட வேண்டாம். 1968இல் திறக்கப்பட்ட இத்துறைமுகம் பெருங்கப்பல்கள் நுழையும் ஆழமுடையது என்பதால், அவை இறக்கிவிட்டுப் போகும் கன்டெய்னர்களில் பெரும்பகுதியைச் சிறு கப்பல்கள் அண்டை நாட்டுத் துறைமுகங்களுக்குக் கொண்டுசெல்கின்றன. தரையிறங்குவதிலும் ஒரு பங்கு கடலே இல்லாத புர்கினா பாசோ, நைஜர், மாலி நாடுகளுக்கு லாரியில் போகிறது. புர்கினா பாசோவின் தலைநகரான வாகதூகுவுக்கே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர், அதற்கும் ரயில் கிடையாது. 2023இல் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, பெனின் எல்லை மூடப்பட்டபோது, பெனினின் துறைமுக நகரான கொட்டனூ வழியாகப் போய்க்கொண்டிருந்த நைஜர் சரக்கில் கணிசமான பகுதி லோமே பக்கம் திரும்பியது. அன்று எங்களுக்குக் கூடிய வேலை, நாளை எல்லை திறந்தால் குறையவும் கூடும். ஆகவே உங்கள் நிறுவனம் எந்த நாட்டுச் சரக்கைக் கையாள்கிறது என்பதை, சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆங்கிலம் போதாது. ஆங்கிலம் புழங்கும் கானாவின் எல்லை நகரின் விளிம்பிலேயே இருப்பதால் கடைத்தெருவில் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் சுங்கத் தாள்கள் அனைத்தும் பிரெஞ்சு மொழியில்தான் இருக்கும். வந்த முதல் ஆண்டில், புரியாத ஒரு படிவத்தில் சரக்கின் விவரத்தைத் தவறாக நிரப்பியதால் என் நான்கு கன்டெய்னர்கள் யார்டிலேயே கிடந்தன. தாமதக் கட்டணம் ஒருபுறம் ஏற, மறுபுறம் ஏப்ரல் மழையின் ஈரத்தில் கொட்டை பூஞ்சை பிடித்தது. பிழை முழுவதும் என்னுடையதே. அன்றிரவே ஒரு பள்ளி ஆசிரியரிடம் பிரெஞ்சு படிக்கத் தொடங்கினேன். செமிஜான் எனப்படும் மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்களிடம் பேசிப் பேசித்தான் அது நாக்கில் ஏறியது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். கொசுவலையும் வாங்கிக்கொள்ளுங்கள், மலேரியா இங்கே ஆண்டு முழுவதும் உண்டு. முந்திரிப் பருவம் பிப்ரவரியில் தொடங்கிவிடும் என்பதால், முடிந்தால் டிசம்பரிலேயே வந்துவிடுங்கள். அதற்குப் பின் உங்களுக்குத் தாள் வேலை சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது, எனக்கும்கூட.