ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள்: லாரிப் பட்டறைக் கேள்வி பதில்

சொந்த லாரியில் தாமே வேலை பார்ப்பவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். அடிச்சட்டம், சக்கரம், மின்கம்பி ஆகியவை நான் அன்றாடம் கை வைக்கும் வேலைகள்.

கேள்வி: 12 வோல்ட் சிறிய லாரியில் 55 வாட் விளக்கு இரண்டு கூடுதலாகப் பொருத்தினேன். வெளிச்சம் மங்கல், ஸ்விட்ச் கை சுடுகிறது. விளக்கு மட்டமானதா?

விளக்கின் மேல் குற்றமில்லை. இரண்டும் சேர்ந்து 110 வாட். 12 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அத்தனையையும் டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக விட்டிருக்கிறீர்கள். ரிலே போடுங்கள்: சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச் அது. பேட்டரியிலிருந்து வரும் கம்பி 30 என்ற முனைக்கு. விளக்குக்குப் போவது 87க்கு. 85, 86 இரண்டும் ரிலேக்குள் இருக்கும் சுருளின் முனைகள்: ஒன்று ஸ்விட்ச்சுக்கு, மற்றது எர்த்துக்கு. இனி ஸ்விட்ச் சுருளுக்கு வேண்டிய சிறு மின்னோட்டத்தை மட்டும் தாங்கினால் போதும்.

மங்கலுக்குக் காரணம் கம்பி. போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்றால் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியிலேயே ஏறக்குறைய 1 வோல்ட் தொலைந்துபோகும். 2.5 போட்டால் இழப்பு 0.6 அளவுக்கு இறங்கும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பியூஸ் வையுங்கள். பியூஸ் காப்பது கம்பியை, விளக்கை அல்ல. விளக்கின் பக்கம் வைத்தால், நடுவில் கம்பி உரசித் தோல் போனதும் தீப்பிடிப்பதைத் தடுக்க எதுவும் இருக்காது.

கேள்வி: 24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் ரேடியோவுக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கலாமா?

கூடாது. அந்த ஒன்று நாளும் குறைந்துகொண்டே வரும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும், கடைசியில் இரண்டுமே போய்விடும். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்குங்கள்.

கேள்வி: வீல் ஸ்டட்டில் (சக்கர நட்டு ஏறும் போல்ட்டில்) துரு ஏறாமல் கிரீஸ் தடவுகிறேன். நல்ல பழக்கம்தானே?

இல்லை. நட்டை முறுக்கச் செலவிடும் விசையில் ஏறத்தாழ 10 சதவீதம்தான் ஸ்டட்டை இழுத்துப் பிடிக்கிறது. மற்றதெல்லாம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகப் போகிறது. கிரீஸ் தடவியதும் உராய்வு குறைகிறது. முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் அதே அளவில்தான் ‘டக்’ என்கிறது, ஆனால் ஸ்டட் கணக்குக்கு மேல் நீண்டுவிடுகிறது. ஒருமுறை அப்படி நீண்ட ஸ்டட் பழைய நிலைக்குத் திரும்பாது. கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்யுங்கள், அது போதும்.

கேள்வி: கூடுதல் சுமைக்காகப் பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங் பட்டை சேர்க்கலாமா?

பட்டை சேர்த்தால் லாரி தொங்காது, அவ்வளவுதான். அச்சு, டயர், பிரேக் எல்லாம் பழையவைதானே? இன்னொரு ஆபத்தும் உண்டு. பல லாரிகளில் பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதைப் பார்த்துப் பின் பிரேக்கின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கிறது. பட்டை சேர்த்து லாரி தாழாமல் நின்றால், வண்டி காலி என்று அது எடுத்துக்கொண்டு முழுச் சுமையிலும் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். செய்யாதீர்கள்.

கேள்வி: எந்த ஜாக் நல்லது?

வண்டியின் எடைக்கு ஏற்ற எதுவும். ஆனால் ஜாக் தூக்குவதற்கு மட்டும். வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே அடியில் போங்கள்.

கேள்வி: எஞ்சின் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்து இழுவையைக் கூட்டலாமா?

அது என் துறை அல்ல. அந்த வேலை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கூடுதல் விளக்கு போட்டதும் ஸ்விட்ச் சுடுகிறது...

ரிலே. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 20 ஆண்டுகளாக மரையில் எண்ணெய் விடுகிறேன், ஒரு சக்கரமும் கழன்றதில்லை. நீங்கள் சொல்வது தவறு.

உங்கள் சக்கரம் எந்த வகை என்று தெரியாமல் உங்களைத் தவறு என்று சொல்ல மாட்டேன். சக்கரம் ஹப்பின் மேல் உட்கார்ந்து, தட்டையான நட்டும் அதோடு சேர்ந்து சுழலும் வாஷரும் இருக்கும் வகையில், மரைக்கு இரண்டு சொட்டு, நட்டுக்கும் வாஷருக்கும் இடையே ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. அங்கே முறுக்கு அளவையே எண்ணெயோடு சேர்த்துத்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். நட்டின் அடி உருண்டையாகக் குழியில் உட்காரும் பழைய வகைக்கு உலர்ந்த மரைதான். சொட்டு எண்ணெய் வேறு, கிரீஸ் வேறு. கிரீஸ் இரண்டு வகைக்கும் ஆகாது.

கேள்வி: எம்10 போல்ட்டுக்கு மரை வெட்ட எத்தனை மில்லிமீட்டர் டிரில்?

விட்டத்திலிருந்து மரை இடைவெளியைக் கழியுங்கள். எம்10க்கு வழக்கமான இடைவெளி 1.5, ஆகவே 8.5. எம்8க்கு 1.25 போக 6.75, அதற்கு 6.8 டிரில். மரை வெட்டும் டேப்பை அரைச் சுற்று முன்னே திருப்பிக் கால் சுற்று பின்னே வாருங்கள். சீவல் முறியும் ‘கிணுக்’ கையில் தெரியும். அது தெரியாமல் இறுகிக்கொண்டே போனால் நிறுத்துங்கள். துளைக்குள் முறிந்த டேப்பை எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும்.

கேள்வி: ஸ்டாண்ட் இல்லை. ஜாக்குக்குத் துணையாகச் செங்கல் அடுக்கலாமா?

கூடாது. செங்கலும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்கை தராமல் நொறுங்கும். ஸ்டாண்ட் வரும்வரை அந்த வேலை காத்திருக்கட்டும்.

கேள்வி: விளக்குக்கு ரிலே அவசியமா?

அவசியம். மூன்றாம் முறை சொல்கிறேன்.

கேள்வி: கிரீஸ் கேட்டவன் நான்தான். ஏற்கெனவே தடவிய சக்கரங்களை என்ன செய்வது?

கேட்டது நல்லது. ஒவ்வொரு நட்டாகக் கழற்றி மரையைத் துடையுங்கள். இழுபட்டு மெலிந்த ஸ்டட் இருந்தால் மாற்றுங்கள். குறுக்கு நெடுக்காக மாற்றி மாற்றி முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் சரிபாருங்கள். அதன்பின் தினமும் காலையில் விளக்கடித்து நட்டைச் சுற்றிப் பாருங்கள். நட்டின் அடியிலிருந்து வெளிப்புறமாகச் செம்பழுப்பில் கோடு ஓடியிருந்தால், அந்த நட்டு தளர்ந்து சக்கரத்தோடு உரசுகிறது. ஒரு கோடு தெரிந்தாலும் அந்தச் சக்கரத்தைச் சரிபார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.