அரைப்பேர்

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் வறுமை பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நானும் பொகவந்தலாவைப் பக்கம் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன்தான். இப்போது ஹட்டனில் ஒரு நிதி நிறுவனத்தில் நகை அடகுப் பிரிவில் இருக்கிறேன். எல்லாப் பழியையும் அரசாங்கத்தின் தலையில் போட்டுவிடுகிறீர்கள். சம்பள நாளன்று தவறணை என்கிற சாராயக் கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். வரவுக்கு மேல் செலவு செய்கிறவர்களை எந்த அரச வர்த்தமானி அறிவித்தல் காப்பாற்றும்? அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். "எந்த ஆட்சி வந்தாலும் நமக்குக் கூடைதான்" என்பார். கொள்கை, வரவுசெலவுத் திட்டமெல்லாம் கொழும்புக்காரர்களின் பேச்சு.

எஸ்., ஹட்டன்

அன்புள்ள எஸ்.,

தவறணையை நான் அறிவேன். என் அப்பாவின் பாதிச் சம்பளம் அங்கேதான் போயிற்று. அதை மூடிமறைக்க எனக்கு ஆசையில்லை. (தவறணைக்கு உரிமம் கொடுப்பதும் அரசாங்கம்தான் என்று போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.) ஆனால் குடிக்காத வீட்டுக் கணக்கை நீங்கள் பார்த்ததுண்டா?

என் மதினி கொழுந்து பறிக்கிறவர். அண்ணன் இறந்து பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. அவருடைய லயக் காம்பராவில் குடிப்பதற்குப் பாலில்லாத தேயிலைச் சாயத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கிடையாது. வாங்கிய சம்பளத் துண்டுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். போன மாதம் அவற்றைப் பாயில் பரப்பி வருடவாரியாக அடுக்கினேன்.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக நாட்சம்பளம் 1000 ரூபாயானது. அடிப்படை 900, கொடுப்பனவு 100. ஏப்ரல் துண்டு கொழுத்துத்தான் இருக்கிறது. பேத்திக்குப் புதுச் சப்பாத்து வாங்கிய மாதம் அது. மே 6ஆம் திகதி இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து வர்த்தமானி வந்தது. லயத்தில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. உரம் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் கவலை, நமக்கென்ன என்று இருந்துவிட்டார்கள். உங்கள் அம்மா சொல்வதும் ஏறக்குறைய அதுதானே.

உரம் போடாவிட்டால் தேயிலைச் செடி மறுநாளே முகம் சுளிக்காது. களஞ்சியத்தில் இருந்தது சில மாதம் ஓடியது. பிறகு கொழுந்து சிறுத்தது, ஒரே மலைக்குத் திரும்பிவரும் நாள் நீண்டது. சம்பளம் கூடியதைச் சாட்டாக வைத்துப் பல தோட்டங்களில் ஒரு நாளுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறையையும் உயர்த்தியிருந்தார்கள். மதினியின் தோட்டத்தில் 20 கிலோ. மலையில் இருப்பதோ 14.

தோட்டத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: குறித்த நிறை வந்தால் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் ஒரு பேர் விழும், அதாவது முழு நாட்சம்பளம். வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் நின்று, மலையேறி, அட்டைக் கடியோடு மாலையில் இறங்கி வந்தவருக்குத்தான் அந்தப் பாதி.

2021 ஏப்ரல் துண்டில் மதினிக்கு 21 முழுப்பேர். 2022 பெப்ரவரித் துண்டில் 9 முழுப்பேர், 11 அரைப்பேர். மலையேறிய நாட்களில் ஒன்றுதான் குறைவு. 21,000 ரூபாய் 14,500 ஆகிவிட்டது. பிடித்தங்கள் வேறு.

உரத் தடையை 2021 நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். ஆனாலும் அந்த ஆண்டு ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. அந்நியச் செலாவணி இழப்பு என்று கவலைப்பட்டார்கள். நியாயமான கவலைதான். ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். ஐந்து கோடியை நாலால் பெருக்கிப் பாருங்கள். அத்தனையும் பெண்களின் கூடைக்கு வராமல் போன நிறை.

அந்த நேரம் பார்த்து ரூபாயும் விழுந்தது. 2022 மார்ச்சில் டொலருக்கு 200 என்றிருந்தது மே மாதத்தில் 360. கோதுமை கப்பலில் வருவது, லயத்திலோ ரொட்டிதான் பாதி வயிறு. தோட்டக் குடும்பங்களுக்கு மாதம் 15 கிலோ மாவு, கிலோ 80 ரூபாய்க்கு என்று ஜனவரியிலேயே அறிவித்திருந்தார்கள். அந்த விலையில் மதினி ஒரு கிலோவைக்கூடக் கண்ணால் காணவில்லை. ரொட்டியின் எண்ணிக்கையை அவர் குறைக்கவில்லை. தடிப்பைக் குறைத்தார். சட்டி தெரிகிற மாதிரி இருக்கிறது என்று பேத்தி சிரித்தாளாம்.

ஜூனில் மதினி காதுத் தோட்டை அடகு வைத்தார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உங்களைப் போல, லயத்தில் பிறந்து படித்து வந்த ஒரு பிள்ளைதான் இருந்திருப்பார். வரவுக்கு மேல் செலவு செய்துவிட்டு வந்த ஒருத்தி என்றுதான் அவருக்கும் தோன்றியிருக்கும். தோட்டை நிறுத்த நேரத்தில் சம்பளத் துண்டையும் காட்டச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும், அதற்கெல்லாம் அங்கே ஏது நேரம்.

உங்கள் அம்மாவும் துண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறாரா? இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் கேட்டுப் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். அரைப்பேர்களை எண்ணி எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்