பழைய பிளாப்பி டிரைவுக்கு வெளிப்பெட்டி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 5.25 அங்குல டிரைவ் ஒன்று பெட்டியில்லாமல் கிடைத்திருக்கிறது. என்ன அளவில் பெட்டி செய்வது?

பதில்: அகலம் 146 மி.மீ.; அரை உயர வகையென்றால் உயரம் ஏறத்தாழ 41 மி.மீ., முழு உயர வகையென்றால் அதன் இரு மடங்கு. நீளம் மாடலுக்கு மாடல் மாறுவதால் அளந்து பார்த்து, ரிப்பன் கேபிள் வளைவதற்குப் பின்புறம் தாராளமாக இடம் விட்டு வெட்டுங்கள். அளவைவிட எனக்குக் கவலை தருவது அடித்தகட்டின் சமம்தான். கோணலான தகட்டில் நான்கு திருகுகளையும் இறுக்கினால் டிரைவின் சட்டம் மயிரிழை அளவு முறுக்கிக்கொள்ளும். 80 டிராக் (வட்டில் தகவல் பதியும் வளையம்) டிரைவில் ஒரு டிராக்குக்கும் அடுத்ததற்கும் இடையே 0.26 மி.மீ. மட்டுமே இருப்பதால், நேற்றுவரை ஒழுங்காகப் படித்த வட்டை அந்த முறுக்கலே படிக்கவிடாமல் செய்துவிடும். எம்3 திருகுகளையே பயன்படுத்துங்கள். ஹார்ட் டிஸ்க்குக்கான தடித்த திருகு மரையை அழித்துவிடும்.

கேள்வி: மின் இணைப்பில் எந்த நிறம் எதற்கு?

பதில்: வழக்கமாகச் சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு இரண்டும் கிரவுண்ட். ஆனால் நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். டிரைவை மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு முனையையும் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஆம்ஸ்ட்ராட் கணினிகளின் 3 அங்குல டிரைவில் 5, 12 வோல்ட் முனைகள் வழக்கத்துக்கு நேர்மாறாக இடம் மாறியிருக்கும். அளக்காமல் இணைத்து, 12 வோல்ட் தவறான முனையில் ஏறி, நல்ல டிரைவ் ஒன்றின் சிப்புகளை ஒரே நொடியில் நானே இழந்திருக்கிறேன்.

கேள்வி: பவர் சப்ளையின் டிரான்ஸ்ஃபார்மரையும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வட்டைப் படிக்கும் முனையான ஹெட் எடுக்கும் சிக்னல் மில்லிவோல்ட் அளவிலானது. பக்கத்தில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அதில் கலந்துவிடும். வெப்பமும் உண்டு: வோல்ட்டேஜைக் குறைத்து நிலையாக வைக்கும் 7805 ரெகுலேட்டர் சிப் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கி 0.7 ஆம்பியர் தரும்போது, ஏறக்குறைய 5 வாட் மூடிய பெட்டிக்குள் சூடாகவே தங்கும்.

கேள்வி: இதை ஏற்க முடியவில்லை, ஐயா. 1982இல் வந்த காமடோர் 64 கணினிக்கான 1541 டிரைவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேதானே இருந்தது?

பதில்: இருந்தது, அந்த டிரைவ் சூடாவதைப் பற்றிய புகார்களும் அதன் கூடவே வந்தன. பின்னர் வந்த 1541-2 மாடலில் அதே நிறுவனம் பவர் சப்ளையை வெளியே எடுத்து வைத்தது. 1978இன் ஆப்பிள் டிஸ்க் 2 டிரைவோ தனக்கென டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், கணினியிலிருந்தே ரிப்பன் கேபிள் வழியாக மின்சாரம் பெற்றது.

கேள்வி: வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மரில் கசியும் புலம் குறைவு, எஃகுத் தடுப்பும் வைத்தால்?

பதில்: புலத்தைப் பொறுத்தவரை உங்கள் வாதம் சரி, ஹெட்டுக்கு எதிர் மூலையில் வைத்தால் படிப்பதில் தொல்லை வராமல் இருக்கலாம். ஆனால் வீட்டு மின்சாரம் உலோகப் பெட்டிக்குள் நுழைகிறது என்றால் ஃபியூஸும், பெட்டியோடு திருகி இறுக்கிய எர்த் கம்பியும் கட்டாயம். இவற்றைச் சரியாகச் செய்து பழகாதவருக்கு உள்ளே வைக்கும்படி நான் சொல்லவே மாட்டேன்.

கேள்வி: காமடோர் 64க்கு வெறும் டிரைவைப் பெட்டியில் போட்டு இணைக்கலாமா?

பதில்: முடியாது; அதன் டிரைவுக்குள் தனிப் பிராசசரே இருக்கிறது, உங்களுக்கு வேண்டியது முழு 1541.

கேள்வி: அமிகா 500 கணினிக்குப் பிசி டிரைவ் பொருந்துமா?

பதில்: மாற்றம் செய்தால் பொருந்தும். அமிகா 34ஆம் பின்னில் 'ரெடி' சிக்னலை எதிர்பார்க்கிறது. பிசி டிரைவ் வட்டு மாறியதற்கான சிக்னலை அங்கே தருகிறது, அதை 2ஆம் பின்னுக்கு மாற்ற வேண்டும். மோட்டார் நிலையைப் பிடித்துவைக்க ஒரு ஃபிளிப்-ஃபிளாப் சர்க்யூட்டும் பெட்டிக்குள் வர வேண்டும். 23 பின் கனெக்டர் கிடைப்பது அரிது என்பதால் 25 பின் கனெக்டரை அறுத்துப் பயன்படுத்துகிறார்கள். 5, 12 வோல்ட் இரண்டும் அந்த இணைப்பிலேயே வருவதால் டிரான்ஸ்ஃபார்மர் பிரச்சினையே இல்லை.

கேள்வி: ஒரே பெட்டியில் இரண்டு டிரைவ்?

பதில்: எந்த டிரைவ் எந்த எண் என்று குறிக்கும் செலக்ட் ஜம்பர்களை வெவ்வேறாக வையுங்கள், கேபிள் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் டெர்மினேட்டர் ரெசிஸ்டர் கேபிளின் கடைசி டிரைவில் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: என் பழைய பவர் சப்ளையில் கம்பிகள் எல்லாம் வெள்ளை. எதை எங்கே இணைப்பது?

பதில்: இரண்டாம் கேள்விக்கான பதிலைப் படியுங்கள். மல்டிமீட்டரால் அளக்காமல் எதையும் இணைக்காதீர்கள்.